அண்ணனுக்கு ‘பைபோலார் டைப் 2’ என்று எழுதியிருக்கிறார்கள். 2 என்றால் முற்றிவிட்டதா?

மலையோரத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பிறந்த ஊர் குலசேகரம் பக்கம், கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்தில். கேள்வி என் அண்ணனைப் பற்றி. அவனுக்கு 34 வயசு, ரப்பர் மரத்தில் பால்வெட்டு தொழில். ராத்திரி மூணு மணிக்கு நெத்தியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், விடியும்போது 350 மரம் வெட்டி முடித்திருப்பான். கை அவ்வளவு சுத்தம். அவன் வெட்டின மரத்தில் காயம் பார்க்க முடியாது.

இந்த ஓணம் கழிந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். பால்கத்தி திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அவன் கத்தி துருப்பிடித்து நான் பார்த்ததே இல்லை. மகளுக்கு ஆறு வயசு, அவள் வந்து மேலே விழுந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். “நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் ஒரு பாரம் கொறையும்” என்று ஒரு தடவை சொன்னானாம்.

இது முதல் தடவை இல்லை. 2023-லும் இப்படித்தான் படுத்தான். அப்போது ஓர் இடத்தில் காட்டி, மன அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூணு வாரத்தில் எழும்பிவிட்டான். சும்மா எழும்பவில்லை, பறந்தான். பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து எடுத்து வெட்டினான். மைனி (அண்ணன் மனைவி) பெயரில் குழு லோன் போட்டு, ரப்பர் சீட்டு அடிக்கிற ரோலர் மிஷின் பழசு ஒன்று வாங்கினான். ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன் போட்டு ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்துபோன ரப்பர் பால்) வியாபாரம் பற்றி ஒண்ணரை மணி நேரம் பேசினான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்று அம்மை கோயிலுக்கு நேர்ந்ததைக்கூடச் செலுத்தினாள். டாக்டரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுகமானதைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

இப்போது நாகர்கோவிலில் வேறு டாக்டர் பார்த்து ‘பைபோலார் டைப் 2’ என்று சீட்டில் எழுதியிருக்கிறார். மைனி போனில் ஒரே அழுகை. “ஒண்ணு தாண்டி ரெண்டாயிட்டே, முத்திப்போச்சே” என்கிறாள். சுகர்ல டைப் 1, டைப் 2 என்பது மாதிரியா, இல்லை கேன்சர்ல ஸ்டேஜ் சொல்வது மாதிரியா? பிள்ளைக்கும் வருமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

குளச்சல் வலைக்காரன்:

தங்கச்சி, முதல்ல மைனிக்குப் போன் போட்டு இதைச் சொல்லிரு. ரெண்டுன்னா முத்தினது இல்ல. பைபோலார்னா மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி எழும்பும், இன்னொரு சமயம் அப்படியே தாழ்ந்துபோகும். அதுல ஒண்ணும் ரெண்டும் படி இல்ல, வகை. எனக்கு இருக்கிறது ஒண்ணாம் வகை. 16 வருஷமா மாத்திரை எடுக்கேன், பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, தினமும் கரையில இருந்து வலை கட்டுதேன்.

என் கதையைச் சொன்னா உனக்கு வித்தியாசம் பிடிபடும். 2009-ல ஆழ்கடல் போட்டுல போயிருந்தேன். கரை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. ஆறு ராத்திரி கண்ணை மூடல. போட்டுல எல்லாருமே நேரங்கெட்ட நேரத்துல வலை இழுக்கிறவங்கதானே, அதனால யாருக்கும் வித்தியாசமாத் தெரியல. எனக்கோ களைப்பே கிடையாது. மீன் எங்க கிடக்குன்னு மூக்குல மணக்குன்னு சொன்னேன். டிரைவர்கிட்ட போட்டைத் திருப்பச் சொல்லிச் சண்டை போட்டேன். கடைசியில, மாதா கூப்பிடுதா, நான் தண்ணி மேல நடந்தே கரைக்குப் போவேன்னு கம்பியில ஏறிட்டேன். என் மச்சினன்தான் பிடிச்சு இழுத்தான். போட்டு கரை சேர ரெண்டு நாளாச்சு. அந்த ரெண்டு நாளும் ஒரு சாரத்தை (லுங்கி) முறுக்கி என் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனைக் கடிச்சேன், கெட்ட வார்த்தை பேசினேன். முடிச்சை அவுக்கல. அவன் தோள்ல அந்தத் தழும்பு இன்னைக்கும் கிடக்கு.

ஆஸ்பத்திரியில 19 நாள். அதுக்கு மேனியான்னு பேரு. அப்படி ஒரு தடவை வந்துட்டாலே அது டைப் 1. உங்க அண்ணன் பறந்தான்னு சொன்னே இல்லியா, அது வேற. வேலைக்குப் போனான், சம்பாதிச்சான், வீட்டுக்குள்ள அடங்குற பறப்பு. என்னுடையது போட்டுலயே அடங்கல. எழும்புற உயரத்துலதான் ஒண்ணும் ரெண்டும் வேறுபடும். தாழுறதுல வேறுபாடு ஒண்ணும் இல்ல. சொல்லப்போனா ரெண்டாம் வகைக்காரங்கதான் தாழ்வுல கூட நாள் கிடப்பாங்க. எனக்குப் பக்கத்துப் படுக்கையில இருந்த ஒரு வாத்தியாரை அப்படிப் பார்த்திருக்கேன். அதனால “ரெண்டுதானே, லேசு” என்று யாராவது சொன்னாலும் நம்பாதே.

உங்க டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தார்னு நீ எழுதல. எனக்கு லித்தியம். அது ஒரு உப்பு. 1949-ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்னு ஒரு டாக்டர் இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தாராம், இன்னைக்கு வரைக்கும் அதை மாத்த ஆள் இல்ல. ஆனா உப்புக்கு உப்பு கணக்கு உண்டு. வேர்வையிலயோ பேதியிலயோ உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா, கிட்னி லித்தியத்தை வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும்.

2014 மேயில வயித்தால போச்சு, இடுப்பு வலியும் சேர்ந்துச்சு. மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டேன். அஞ்சாம் நாள் மணல்ல நிக்கேன், கால் வள்ளத்துல நிக்கிற மாதிரி ஆடுது. ஊசியில நூல் கோக்க முடியல. பேச்சு குழறுது. குடிச்சிருக்கேன்னு என் அக்காவே திட்டினா. ரத்தம் எடுத்துப் பார்த்தா லித்தியம் 1.9. வழக்கமா எனக்கு 0.7-தான் இருக்கும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இதோட சேரக்கூடாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உங்க அண்ணனுக்கும் லித்தியம்னா இதை ஓர்மையில வச்சுக்கோ. பால்வெட்டும் வேர்வைத் தொழில்தான். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிஞ்சிருக்கணும். கிட்னி, தைராய்டும் இடையிடைய பார்க்கணும்.

ஒண்ணு கேக்கேன். இந்தப் புது டாக்டர்கிட்ட அந்த ரோலர் மிஷின் கதையை முழுசாச் சொன்னீங்களா?

சிஸ்டர், தக்கலை (ஓய்வு):

வலைக்கார அண்ணன் கடைசியாகக் கேட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். தாழ்வில் இருக்கும்போதுதான் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சந்தோஷமாக இருக்கிற மனுஷனை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்? அதனால் டாக்டர் பார்ப்பது பாதி ஆள். வெறும் மன அழுத்தம் என்று நினைத்து அதற்குரிய மாத்திரையை மட்டும் கொடுத்தால், பைபோலார் உள்ள சிலருக்கு அது மேலே தூக்கிவிடும். 2023-ல் உங்கள் வீட்டில் நடந்தது அப்படி இருக்கலாம். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்; அவருக்குச் செய்தி கொடுக்க வேண்டியது நீங்கள்.

கணக்கு இதுதான். டைப் 1-க்கு மேனியா குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போனால் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. டைப் 2-க்கு அதைவிடச் சின்ன ஏற்றம், ஹைப்போமேனியா என்பார்கள், தொடர்ந்து குறைந்தது 4 நாள். கூடவே குறைந்தது 2 வாரம் நீடித்த மனச்சோர்வு ஒரு தடவையாவது வந்திருக்கும். முழு மேனியா ஒருமுறை வந்துவிட்டால் டைப் 2 என்பதை 1 என்று மாற்றி எழுதுவார்கள். சைக்ளோதைமியா என்று இன்னொன்று: இந்த இரண்டு அளவையும் தொடாமல், 2 வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. ‘அவன் குணமே அப்படி’ என்று விட்டுவிடுவதால் பலருக்கு அது கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. வருஷத்தில் நாலு தடவையோ அதற்கு மேலோ ஏற்றமோ இறக்கமோ வந்தால் அதை ‘வேகச் சுழற்சி’ என்பார்கள். அது தனி வகை இல்லை, எந்த வகையிலும் வரும். காலையில் கோபம், சாயங்காலம் சிரிப்பு என்பதெல்லாம் இதில் சேராது. தைராய்டு கோளாறிலும் சில மருந்துகளாலும் இதேபோல் தோன்றலாம். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள்.

தூக்கத்தைப் பற்றி மைனியிடம் கேளுங்கள். மூணு மணிக்கு எழும்புவது தொழில், அது நோய் இல்லை. எட்டு மணிக்குப் படுத்து மூணுக்கு எழும்பினால் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறான். பன்னிரண்டுக்குப் படுத்து மூணுக்கு எழும்பி, பகலிலும் படுக்காமல், களைப்பும் தெரியாமல் இரண்டு மூன்று நாள் போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கம் கெடுவது இந்த நோய்க்கு அடையாளம் மட்டுமில்லை, தூண்டுகிறதும் அதுதான். ராத்திரி மாத்திரையோடு இருட்டில் கத்தி பிடிக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு, ரப்பர் சீட்டு அடிக்கிற பகல் வேலைக்கு மாறிக்கொண்டார்.

‘நான் இல்லாமப் போனா’ என்று அவர் சொன்னதைச் சும்மா விடாதீர்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். தனியாக விடாதீர்கள். அவசரமென்றால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு நேராகக் கூட்டிப் போங்கள், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. நடு ராத்திரி ஒன்றும் ஓடவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. அவளிடம் “அப்பாவுக்கு சுகமில்லை, மருந்து சாப்பிடுறார்” என்று சொல்லிவிடுங்கள். தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த தடவை போகும்போது எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாதம் ஏறினான், எத்தனை நாள், எப்போது விழுந்தான். டைரி எழுதுகிற பழக்கம் உண்டா?

வடசேரி வேலப்பன் தெரு:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1956 வரை நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது இல்லையா, அதனால் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே பாட்டா “ஊளம்பாறைக்கு அனுப்பணும்” என்பார். திருவனந்தபுரம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம் அது. அந்த வார்த்தைக்குப் பயந்தே என் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. மந்திரவாதம் பார்த்தார்கள், பிறகு வெளி மாவட்டத்தில் ஓர் இடத்தில் கொண்டு விட்டார்கள். காலில் சங்கிலி. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்த செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றைக்கே பாட்டா பஸ் ஏறிப் போய் சித்தப்பாவைக் கூட்டி வந்தார். கணுக்காலில் ஒரு வளையம்போல் கறுப்பு இருந்தது. 11 வருஷம் கழித்துத்தான் அவருக்கு இருந்த நோய்க்கு இன்ன பேர் என்று எங்களுக்குத் தெரிந்தது. 2017 மனநலச் சட்டப்படி இப்போது யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. அம்மை நேர்ச்சை செலுத்தட்டும், அதைத் தடுக்க வேண்டாம். மருந்தை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

மலையோரத்துக்காரி:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வலைக்கார அண்ணே, மைனியிடம் நீங்கள் எழுதினதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மச்சினன் இடுப்பில் கட்டிக்கொண்ட இடத்தில் ‘நிறுத்து’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ‘வாசி’ என்றாள். அண்ணன் சீட்டில் இருப்பதும் லித்தியம்தான். வலி மாத்திரை ஒரு அட்டை வீட்டில் இருந்தது, எடுத்துவிட்டோம்.

சிஸ்டர், டைரி எழுதுகிற வழக்கமெல்லாம் இல்லை. ஆனால் வெட்டுக் கணக்கு நோட்டு இருக்கிறது. நேற்று மைனியும் நானும் அடுக்களையில் உட்கார்ந்து நாலு வருஷ நோட்டையும் புரட்டினோம். எல்லாப் பக்கமும் 350, 350, மழை, 350. 2023 டிசம்பரில் திடீரென்று 610, 640, 600 என்று 11 நாள். எழுத்தும் பெரிசு பெரிசாக, கோட்டை விட்டு வெளியே போகிறது. அடுத்த மாசம் ஒன்றுமே இல்லை, வெற்றுப் பக்கம். 2022 ஜனவரியிலும் இதேபோல் ஒரு ஏழு நாள் கிடக்கிறது. அப்போது எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கவில்லை. அதை நாங்கள் கவனித்ததே கிடையாது. வியாழக்கிழமை நோட்டுகளோடு டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.

நீங்கள் சொன்ன மாதிரி நேராகவும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை, பிறகு “இப்பம் தோணல, போன வாரம் தோணுச்சு” என்றான். மைனி தனியாக விடுவதில்லை, அப்பாவும் அங்கேதான் படுக்கிறார்.

நாங்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனே எழும்பி அடுக்களை வாசல் வரை வந்தான். எதற்கு என்று கேட்டான், சொன்னோம். நோட்டை வாங்கிப் பத்து நிமிஷம் பார்த்தான். பிறகு பென்சில் கேட்டான். 2024 மார்ச்சில் நாங்கள் விட்டுவிட்ட ஒரு வாரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டு, “இதுவும்தான்” என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டான்.