கடைசி வரி வரை வாசிக்கிறார்கள், என்ன படித்தாய் என்றால் விழிக்கிறார்கள்: 3, 4-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி?

வைட்ஃபீல்டு சனிக்கிழமை வகுப்பு:

வணக்கம். பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் தமிழ் வகுப்பு நடக்கிறது. பதினொரு பேர், எல்லோரும் மூன்றாவது, நாலாவது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. எழுத்தெல்லாம் தெரியும், பத்தியைக் கொடுத்தால் கடைசி வரி வரை வாசித்துவிடுகிறார்கள். "இப்ப என்ன படிச்சே?" என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கேள்வியை அச்சடித்துக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் சரியாகவே எழுதுகிறார்கள். இது எப்படி என்று புரியவில்லை. எவ்வளவு நீளப் பத்தி, எத்தனை கேள்வி, எங்கிருந்து தொடங்குவது? பெற்றோர் வாரம் ஒரு பயிற்சித்தாள் கேட்கிறார்கள். அது போதுமா?

கரும்பலகை:

பயிற்சித்தாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது தடுக்கிறது என்பதை முதலில் பிரிக்க வேண்டும். எழுத்தைச் சொல்லாக்குவது ஒரு திறமை, அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது இன்னொரு திறமை. வாசித்துப் புரிந்துகொள்வது இந்த இரண்டின் பெருக்கல் என்று 1986-இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். கூட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

சோதிப்பது எளிது. ஐம்பது அறுபது சொல்லில், ஏறக்குறைய ஒரே கடினத்தில் இரண்டு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். முதல் பத்தியைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கட்டும். தாளை வாங்கி வைத்துவிட்டு வாய்மொழியாக நாலு கேள்வி கேளுங்கள். இரண்டாவதை நீங்கள் வாசித்துக் காட்டி அதே போல நாலு கேள்வி. ஆளுக்கு ஆறு நிமிடம் போதும். நீங்கள் வாசித்ததற்குப் பதில் வந்து, தானே வாசித்ததற்கு வரவில்லை என்றால் கோளாறு எழுத்துக்கூட்டலில். இரண்டுக்குமே வரவில்லை என்றால் மொழியில். மற்றப் பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். இல்லாவிட்டால் எட்டாவது ஆள் வரும்போது பத்தி மனப்பாடமாகியிருக்கும், சோதனை வீண்.

எழுத்துக்கூட்டலில் தடுக்கும் பிள்ளைகளிடம் வல்லின ஒலியைக் கவனியுங்கள். பெங்களூருப் பிள்ளைகளுக்கு இது தனிச் சிக்கல். கன்னடத்தில் ககரத்தின் வன்மையான ஒலிக்கு ஓர் எழுத்து, மென்மையான ஒலிக்கு வேறு எழுத்து. தமிழில் கல், பகல், தங்கம், பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'தான். எல்லாவற்றையும் 'கல்' மாதிரியே அழுத்தி வாசிக்கிற பிள்ளைக்கு, 'பகல்' என்பது தான் தினமும் கேட்கிற சொல்தான் என்றே தெரியாது. வாசித்த உடனே "இதை அம்மா எப்படிச் சொல்வாங்க?" என்று கேளுங்கள், முகம் மலரும். க, ச, ட, த, ப என்று வாரம் ஓர் எழுத்து, எழுத்துக்கு எட்டுச் சொல்.

அடுத்த தடை நீளச் சொல். 'மென்றுகொண்டிருந்தது' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். பென்சிலால் மென்று / கொண்டிருந்தது என்று கோடு போட்டுக் கொடுங்கள். மூன்று வாரம் போனதும் அந்தக் கோட்டைப் பிள்ளையே போடட்டும். ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்க வைப்பது, மூன்று புதுப் பத்தியை ஒவ்வொரு முறை வாசிப்பதைவிட இவர்களுக்குப் பலன் தரும். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தப்பு வந்தால் பத்தி அந்தப் பிள்ளைக்குக் கனம், கீழே இறங்குங்கள்.

மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல்லாவது புரிந்து வாசிக்க வேண்டும் என்பது 2021-இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தின் இலக்கு. தமிழ்ச் சொல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்தக் கணக்கை அப்படியே வைக்காதீர்கள். கடிகாரத்தை வைத்து விரட்டினால் பிள்ளை முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடும், பொருள் அங்கேயே விழுந்துவிடும்.

நெல்லிக்காய்:

பாதிப் பேர் எப்படிச் சரியாக எழுதுகிறார்கள் என்று கேட்டீர்கள். இதை வாசியுங்கள்:

"மிழுவன் தாப்பில் கொரட்டினான். அவனுடைய பேழ்கு நொளுத்தது."

கொரட்டியவன் யார்? எங்கே கொரட்டினான்? எது நொளுத்தது? மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இதில் எதற்கும் பொருளே கிடையாது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதும் பழக்கம் இது. உங்கள் அச்சுக் கேள்விகள் அநேகமாக இந்த ரகம்தான்.

இப்போது இது:

"மழை விட்டதும் பாட்டி வாசலுக்கு வந்தாள். கொடியில் காயப்போட்ட சேலையைக் காணவில்லை. வேலிக்கு அப்பால் கன்றுக்குட்டி எதையோ மென்றுகொண்டிருந்தது. பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள்."

பதினெட்டே சொல். "பாட்டி எங்கே வந்தாள்?" என்பது எடுத்து எழுதும் கேள்வி. ஒன்று இருக்கட்டும், தயங்குகிற பிள்ளையும் உள்ளே வர அது உதவும். "கன்றுக்குட்டி என்ன மென்றது?" என்பதற்குப் பத்தியில் விடை எழுதியிருக்காது, இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்க்க வேண்டும். "மழை பெய்தபோது பாட்டி எங்கே இருந்திருப்பாள்?" இன்னும் கொஞ்சம் ஆழம்.

பல பிள்ளைகள் "புல்லு" என்பார்கள். அது முட்டாள்தனமான பதில் இல்லை, கன்று புல் தின்னும் என்ற அறிவு அது. பத்தியைப் பார்க்காமல் தன் தலையிலிருந்து எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். 'தப்பு' என்று சொன்னால் அடுத்த முறை வாயைத் திறக்காது. "சரி, அப்ப சேலை எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்து விநாடியைப் பொறுக்க முடியாமல் நாமே விடையைச் சொல்லிவிடுவதில்தான் பெரும்பாலான வகுப்புகள் வீணாகின்றன.

விடை வந்ததும், "எந்த வரி அப்படிச் சொல்லுது?" என்று கேட்டு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். சரியான விடைக்கும் இதைக் கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

பத்திக்கு மூன்று கேள்வி போதும். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம், கண்ணை மூடிச் சொன்னாலும் பாதி சரியாகும். ஒரு சுட்டிப்பிள்ளையே எல்லாவற்றுக்கும் கத்திப் பதில் சொல்லாமலிருக்க, ஆளுக்கொரு சிலேட்டில் ஒரு சொல் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். முழுப் பதிலைப் பேச்சுத் தமிழில் சொல்ல விடுங்கள். எழுத்துத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்றால், தெரிந்ததையும் விழுங்கிவிடுவார்கள்.

உருபும் விகுதியும்:

மேலே இருவர் சொன்னதோடு தமிழுக்கே உரிய இரண்டு இடங்களைச் சேர்க்கிறேன். "நாயைப் பூனை துரத்தியது" என்று எழுதி, படம் வரையச் சொல்லுங்கள். ஆங்கில வாக்கியத்தில் ஊறிய பிள்ளை, முதலில் வருவதே துரத்துவது என்று நினைத்து, நாய் பின்னால் ஓடுவதாக வரையும். 'ஐ' எங்கே ஒட்டியிருக்கிறது என்று வட்டம் போட வையுங்கள். இப்படி ஜோடி வாக்கியம் வாரம் நாலு. படம் என்பதால் ஊகித்துத் தப்ப முடியாது.

இன்னொன்று, எழுவாய் மறைந்த வாக்கியம். "கமலா கடைக்குப் போய்த் திரும்பினாள். அண்ணன் வாசலில் நின்றான். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்." உள்ளே போனது யார்? ஆள் பெயர் இல்லை, வினையின் வாலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிறுத்தி "யாரு?" என்று கேளுங்கள். தொடக்கத்தில் ஒரே பத்தியில் தாத்தா வந்தார், பாட்டி சொன்னார் என்று இருவருக்கும் 'ஆர்' வைக்காதீர்கள், வால் உதவாது.

'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளைக்கு 'வந்துவிட்டார்கள்' புதுச் சொல். இப்படி இருபது இணையைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

வைட்ஃபீல்டு சனிக்கிழமை வகுப்பு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டே சந்தேகம். பதினொரு பேரில் நாலு பேர் வீட்டிலும் ஆங்கிலம்தான். அவர்களை எப்படிச் சேர்த்து நடத்துவது? தொண்ணூறு நிமிடத்தை எப்படிப் பிரிக்கலாம்?

ஏரிக்கரை:

அந்த நாலு பேருக்குப் பத்தி வருவதற்கு முன்னால் பேச்சு வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் படம் காட்டிப் பேசுங்கள், பத்தியில் வரப்போகும் நாலைந்து சொல்லை அதிலேயே கலந்துவிடுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் நீங்கள் கதை வாசியுங்கள், இரண்டே இடத்தில் நிறுத்தி "இனி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அடுத்த நாற்பது நிமிடம் இரண்டு குழு. எழுத்துக்கூட்டலில் தடுக்கும் பிள்ளைகள் ஜோடியாக வாசிக்கட்டும், அந்த நேரத்தில் மொழி தடுக்கும் பிள்ளைகளோடு நீங்கள் உட்காருங்கள். இருபது நிமிடத்தில் இடம் மாற்றுங்கள். மீதி இருபது நிமிடம் எல்லோருக்கும் ஒரே பத்தி, சிலேட்டு.

பத்தி எதைப் பற்றியது என்பது நீளத்தைவிட முக்கியம். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி இருவரும் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியும் அந்த விளையாட்டை அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். களத்துமேடு, ஏர், போரடித்தல் என்று வரும் பத்தி வைட்ஃபீல்டுப் பிள்ளைக்கு அந்நியம். கன்னடக் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் நடக்கும் கடலேகாயி பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழா, லால்பாக் மலர்க் கண்காட்சி, மெட்ரோ ஊதா வழித்தடம் இவற்றைத் தமிழில் ஐம்பது சொல்லில் எழுதுங்கள். மூட்டை, படி, தோல் உரித்தான் என்ற சொற்கள் கடலையோடு சேர்ந்தே நிற்கும். ஏர் பிறகு வரட்டும்.

கதைகளுக்கு, பெங்களூருவில் இருக்கும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். இலவசம், 1 முதல் 4 வரை நிலை பிரித்திருக்கிறார்கள். பல கதைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கின்றன. அந்த நாலு பேர் முதலில் தெரிந்த மொழியில் வாசித்துவிட்டு அதே கதையைத் தமிழில் எடுக்கட்டும். கதை தெரிந்திருந்தால் கவனம் முழுதும் சொல்லில் இருக்கும். மூன்றாவது படிக்கிறார்கள் என்பதற்காக தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தொடங்காதீர்கள், ஒன்றாம் வகுப்பே சரி.

பெற்றோருக்குத் தாள் கொடுங்கள், வேறு மாதிரித் தாள். முன்பக்கம் பத்தி, பின்பக்கம் படம் வரைய வெற்றிடம், கேள்வியே கிடையாது. திங்கள், புதன், வெள்ளி பத்துப் பத்து நிமிடம் பிள்ளை வாசிக்கட்டும், வெள்ளியன்று கதையை அப்பாவுக்கோ பாட்டிக்கோ சொல்லட்டும். விட்டுப்போன இடத்தைக் கேட்பவர் பத்தியில் தேடிக் காட்டச் சொன்னால் போதும். எட்டு வாரம் கழித்து, கரும்பலகை சொன்ன இரண்டு பத்திச் சோதனையைப் புதுப் பத்திகளோடு மறுபடி செய்யுங்கள். பழைய பத்தியையே கொடுத்தால் நினைவைத்தான் சோதிப்பீர்கள்.