மூணரை லட்சம் கொடுத்து நாலு வாரம் ஜெர்மன் படிக்கப் போகணுமா?

சேலத்து அப்பா (தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். மாஸ்டர்ஸ் ஜெர்மனியிலதான்னு ஒரே பிடி. ஜெர்மன் ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படிப்படியாப் போகுமாம். அதுல ஏ2 முடிச்சாச்சு, பி1 பாதியில நிக்குது. இப்ப "லீவுல நாலு வாரம் ஜெர்மனி போய் ஒரு சம்மர் கோர்ஸ் படிச்சா நாக்கு திரும்பிடும்ப்பா"ங்கிறா.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோர்ஸ் 1,400 யூரோ, தங்க 750, விசா 90, சாப்பாடு பஸ்ஸுக்கு ஒரு 400. விமான டிக்கெட் 75,000 ரூபா. எப்படிச் சுருக்கினாலும் மூணரை லட்சத்தை ஒட்டித்தான் நிக்குது. பழைய காரைத் தள்ளிட்டு வேற எடுக்கலாம்னு வெச்சிருந்த பணம். கார் கிடக்கட்டும், இது பிரயோஜனப்படுமா? போய் வந்தவங்க சொல்லுங்க. போகாதவங்களும் சொல்லலாம், எப்படியும் சொல்லத்தான் போறீங்க :)

எக்மோர் வாத்தியார்

சார், நேராகவே சொல்கிறேன். வேண்டாம். பதினொரு வருஷமாகச் சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வாரத்துக்கு 25 பாடவேளை என்று போட்டிருப்பார்கள். ஜெர்மன்காரர்களுக்குப் பாடவேளை என்றால் 45 நிமிஷம். நாலு வாரத்துக்கு 100 பாடவேளை, மணிக்கணக்கில் 75. அவ்வளவுதான் நீங்கள் வாங்குவது. அதில் பி1 முழுசாக முடிவதுகூடச் சந்தேகம். அதே 75 மணி நேரம் நுங்கம்பாக்கத்திலேயே கிடைக்கும், செலவு அதில் ஒரு சின்னப் பங்கு. ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கதே இன்ஸ்டிட்யூட்டின் பி1 சான்றிதழைச் சென்னையில் எழுதி வாங்கினாலும் முனிச்சில் வாங்கினாலும் ஒரே மதிப்புதான்.

ஸ்டுட்கார்ட் சாம்பார்

வாத்தியார் மணிக்கணக்கு பார்க்கிறார். மொழி என்ன வகுப்புக்குள்ளயா உட்கார்ந்திருக்கு?

நான் பி1 சர்டிபிகேட்டை ஃபைல்ல வெச்சுக்கிட்டு வந்து இறங்கின ஆளு. மறுநாள் காலையில பேக்கரி. பாடப் புத்தகத்துல சின்ன ரொட்டிக்கு "ப்ரோட்ஷென்". இந்த ஊர்ல அது "வெக்லே". முனிச் போனா "ஸெம்மெல்", பெர்லின்ல "ஷ்ரிப்பெ". எனக்கு ஒண்ணும் ஓடல, விரலை நீட்டி ரெண்டு காட்டினேன். அந்தம்மா விலை சொல்லுச்சு. ஜெர்மன்ல 85-ஐ "அஞ்சும் எண்பதும்"னு திருப்பிப் போட்டுத்தானே சொல்வாங்க? வகுப்புல நூறு தடவை எழுதின விஷயம். 4.85 கேட்டதுக்கு நான் 4.58 எண்ணி வெச்சேன். பின்னாடி ஆறு பேர் வரிசை. அந்தம்மா என் உள்ளங்கையில இருந்து மீதிச் சில்லறையை அதுவே பொறுக்கி எடுத்துக்கிச்சு.

அன்னைக்கு அப்புறம் அந்த நம்பர் எனக்குத் தப்பினதே இல்ல. இதை நுங்கம்பாக்கத்துல எந்த பேட்ச்ல சொல்லித் தர்றீங்க?

எக்மோர் வாத்தியார்

27 பைசா, மன்னிக்கவும், 27 சென்ட் பாடத்துக்கு மூணரை லட்சம் ஃபீஸ் கொஞ்சம் அதிகம், தம்பி.

சரி, விளையாட்டு வேண்டாம். 2004-இல் ஃபிரீட், செகலோவிட்ஸ், டியூவி என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை மூன்று குழுவாக ஒப்பிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பு. ஒரு குழு பிரான்ஸுக்கே போனது. மூன்றாவது, அமெரிக்காவிலேயே கோடையில் முழுநேரமும் பிரெஞ்சில் மட்டும் இருக்கும் முகாம். பேச்சு சரளத்தில் அதிகம் முன்னேறியது யார்? பிரான்ஸ் போனவர்கள் இல்லை, முகாமில் இருந்தவர்கள். பிரான்ஸ் போன பிள்ளைகள் வகுப்பு விட்டதும் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி கல்லூரி 1915-லிருந்து இப்படிப்பட்ட கோடைப் பள்ளியை நடத்துகிறது. சேரும்போதே "படிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன்" என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். விமானம் ஏறுவதால் நாக்கு திரும்பாது, தெரிந்த மொழியைப் பூட்டி வைத்தால்தான் திரும்பும்.

ஸ்டுட்கார்ட் சாம்பார்

அந்த ஆய்வுல மொத்தமே 28 பேர், வாத்தியாரே. அதையும் சொல்லணும்ல. அப்புறம், சென்னையில அப்படி ஒரு முகாம் இருந்தா முகவரி குடுங்க. இல்லாத ஒண்ணைக் காட்டி இருக்கறதை வேண்டாம்னா எப்படி?

நெல்லை நர்ஸ்

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் சண்டைய நிப்பாட்டுங்க.

நான் பி2 வரைக்கும் தமிழ்நாட்டுலயே படிச்சவ. ஒரு சம்மர் கோர்ஸும் போகல. எங்க பேட்ச்ல எல்லாருமே அப்படித்தான், அவ்வளவு ரூவாக்கு எங்க போக? பாஸ் பண்ணி, மேற்கு ஜெர்மனியில ரூர் பகுதியில ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முதல் வாரம். 80 வயசு தாத்தா ஒருத்தர் மெதுவா "வாஸர் லாஸன்" பண்ணணும்னு சொல்லுதாரு. வாஸர்னா தண்ணி. நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் நிறைய தண்ணி கொண்டாந்து நீட்டுதேன். அவரு டம்ளரப் பாக்காரு, என்னைப் பாக்காரு. பக்கத்துக் கட்டில்காரரு சிரிச்சே புரண்டுட்டாரு. அதுக்கு ஒண்ணுக்குப் போகணும்னு அர்த்தம். வயசானவங்க கூச்சப்பட்டு அப்படித்தான் சொல்லுவாங்க. பி2 பேப்பர்ல எனக்கு இது வரல.

இப்ப சாம்பார் அண்ணன் "பாத்தீங்களா"ம்பாரு. இல்லண்ணே. எனக்குக் காது திறக்க நாலு மாசம் ஆச்சு. நாலு மாசமும் பேசாம தப்பிக்கவே முடியாத வேலை. சம்மர் கோர்ஸ் பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் எங்க இருக்கு? பேசலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?

நாலுவாரம் முடித்தவன்

நஷ்டம் எங்கப்பாவுக்குத்தான் அக்கா. நான் போய்ட்டு வந்தவன், சொல்றேன்.

பள்ளி பேர் வேண்டாம். பெரிய நகரம், ஆகஸ்ட் மாசம். வகுப்புல 14 பேர், அதுல 5 பேர் இந்தியா. ஹாஸ்டல்ல எங்க அஞ்சு பேரையும் ஒரே மாடியில போட்டுட்டாங்க. மதியம் ஒரு மணிக்கு வகுப்பு முடியும். அப்புறம் குக்கர் வெச்சுச் சோறு, இங்கிலீஷ்ல அரட்டை, சனி ஞாயிறு ஊர் சுத்தல். கடையில நான் கஷ்டப்பட்டு ஜெர்மன்ல ஒரு வரி கட்டினா அவன் பட்டுனு இங்கிலீஷுக்கு மாறிடுவான். அவன் நல்ல எண்ணத்துலதான் மாறுறான், எனக்குத்தான் காசு போகுது.

நாலு வாரத்துல ஒரு ஜெர்மன்காரர் என்கிட்ட அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல ஜெர்மன் பேசினார்னா அது ஹாஸ்டல் கேர்டேக்கர்தான். டீ பேகை மஞ்சள் குப்பைத்தொட்டியில போட்டுட்டேன். அது பிளாஸ்டிக், பேக்கிங் கவருக்கானது. காகிதத்துக்கு நீலம், மக்குறதுக்குப் பழுப்பு. ஒவ்வொரு தொட்டி மூடியையும் திறந்து காட்டிக் காட்டித் திட்டினார். என் வாழ்க்கையில முழுசாப் புரிஞ்ச ஒரே லிஸனிங் டெஸ்ட் அதுதான்.

எக்மோர் வாத்தியார்

சேலத்து சார், இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கொளத்தூர் குமுதா

வாத்தியார் சார், நீங்க டியூஷன் எடுக்கறவர். ஸ்டூடண்ட் வெளிநாடு போனா உங்க பேட்ச் காலி ஆகும்ல? சும்மா கேட்டேன்.

எக்மோர் வாத்தியார்

நியாயமான சந்தேகம். ஆனால் போய்விட்டு வருகிறவர்கள் திரும்பவும் என்னிடம்தான் வருகிறார்கள், அதே பி1-க்கு.

செல்லூர் அக்கா

நான் ஜெர்மன் பக்கமே போனதில்ல, ஆனா இந்த விஷயத்துல எதிர்ப்பக்கம் இருந்து பாத்தவ. சொல்லலாமா?

மதுரையில அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் தமிழ் வகுப்பு நடத்துது. கோடையில அமெரிக்கப் பிள்ளைக எட்டு வாரம் வந்து படிக்கும், வீடுகள்ல தங்கும். எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு தங்குச்சு. வந்த அன்னைக்கு வாசல்ல நின்னுக்கிட்டு "நான் சிறிது நீர் அருந்தலாமா?"ங்குது. எங்க மாமியாரு பயந்து எந்திரிச்சுட்டாக. எழுத்துத் தமிழு அம்புட்டும் சுத்தம், நம்ம பேசுறது ஒண்ணு விளங்கல. "வர்றாக, போறாக"ன்னா முழிக்கும்.

நான் வீட்டுல ஒரு சட்டம் போட்டேன். அந்தப் புள்ளைகிட்ட ஒரு பய இங்கிலீஷ் பேசக் கூடாது. மகனுக்குத்தான் கோவம், ஓசியில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிடைக்குதுன்னு நெனச்சிருந்தான். முத ரெண்டு வாரம் அந்தப் புள்ள அழுகாத குறை. அஞ்சாவது வாரம் என்கூட மார்க்கெட் வந்துச்சு. கத்திரிக்கா வாங்கி முடிச்சு காசும் குடுத்தாச்சு. திரும்பி நின்னு கடைக்காரம்மாகிட்ட, "ஏக்கா, கொசுறு கறிவேப்பில போடலையா?"ன்னுச்சு பாருங்க. அந்தம்மா ஒரு கொத்து கூடவே அள்ளிப் போட்டுச்சு.

கொசுறு எந்தப் பாடத்துல இருக்கு? அதனால ஊருக்குப் போறதுல அர்த்தம் இல்லைன்னு சொல்லாதீக. எந்த வீட்டுல இறங்குறோம்கிறதுதான் கேள்வி. அந்த ஹாஸ்டல் தம்பிய ஒரு வீட்டுல போட்டிருந்தா அது வேற கதையா இருக்கும்.

ஸ்டுட்கார்ட் சாம்பார்

அக்கா, நான் பத்து வரியில சொல்ல முடியாததை ஒரு கொத்து கறிவேப்பிலையில சொல்லிட்டீங்க.

எக்மோர் வாத்தியார்

அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அது எட்டு வாரம், வரும்போதே எழுத்துத் தமிழ் அத்தனையும் கையில் இருந்திருக்கிறது. இங்கே நாம் பேசுவது நாலு வாரத்தையும் பாதி பி1-ஐயும் பற்றி. அந்தப் பெண் நாலாவது வாரமே கிளம்பியிருந்தால் கொசுறு கேட்டிருக்குமா?

ஓய்வூதியர் 63

இளைஞர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், கிழவன் ஒருவனும் படித்தேன் என்று பதிவு செய்கிறேன். மகன் வீடு ஹானோவர் அருகில். 90 நாள் இருப்பேன். பேத்திக்கு நாலு வயது, பாலர் பள்ளியில் ஜெர்மன் பேசிவிட்டு வந்து என்னைத் திருத்துவாள். ரோஷம் வந்து, ஊர் ஊருக்கு இருக்கும் வயதுவந்தோர் கல்வி நிலையத்தில், ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்பார்கள், ஒரு துவக்க வகுப்பில் சேர்ந்தேன். தனியார் பள்ளிகளைப் பார்க்க மிக மலிவு.

சிரியாவிலிருந்து வந்த இளைஞர்கள், ஓர் உக்ரைன் அம்மாள், துருக்கித் தம்பதி, நான். அந்த வகுப்பில் யாருக்கும் ஆங்கிலம் வராது. ஆகவே இடைவேளையில் காபி குடிக்கும்போதும் எங்களுக்கிடையே இருந்த ஒரே பொதுமொழி அந்த அரைகுறை ஜெர்மன்தான். "நேற்று நான் பேருந்து போனேன், இல்லை வந்தது" என்ற தரத்தில் பேசிக்கொள்வோம், ஆனால் நாள் முழுக்கப் பேசுவோம். நாலுவாரம் தம்பியின் வகுப்பில் நடக்காதது எங்கள் வகுப்பில் நடந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இலக்கணம்? பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டி, டாஸ் மூன்றையும் இன்றுவரை குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். பேத்தி விடுவதில்லை.

நாலுவாரம் முடித்தவன்

ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சதும் வயிறு எரியுது. நான் பிரவுஷர்ல "சர்வதேச மாணவர்கள்"னு பார்த்துட்டுச் சந்தோஷமாச் சேர்ந்தவன்.

நெல்லை நர்ஸ்

சேலத்து அண்ணாச்சி, பிள்ளைய அனுப்புறதா இருந்தா பி1 முடிச்சுட்டு அனுப்புங்க. பாதி பி1-ல அனுப்பினா அங்க போயும் இலக்கணத்தைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கு சேலமே போதும்.

ஸ்டுட்கார்ட் சாம்பார்

நர்ஸ் அக்கா சொன்னதுல எனக்கும் மறுப்பில்ல. இன்னொண்ணு, மாசம். ஆகஸ்ட் வேண்டாம். இந்தப் பக்கம், தெற்கு ஜெர்மனியில பாடன்-வூர்ட்டெம்பெர்க், பவேரியா ரெண்டு மாநிலத்துலயும், பள்ளி லீவு ஜூலை கடைசியில விட ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் போகும். ஆகஸ்ட்ல நல்ல ஹோஸ்ட் குடும்பமெல்லாம் அவங்களே கடற்கரைக்குக் கிளம்பியிருப்பாங்க. ஜூன்ல வந்தா ஊர்ல ஆள் இருக்கும். நம்ம காலேஜ் லீவுக்கும் அதுதான் ஒத்துவரும். பெர்லின் மாதிரி இங்கிலீஷ் ஊரை விட்டுட்டுச் சின்ன ஊராப் பாருங்க.

பல்கலைக்கழகங்கள் நடத்துற கோடைக் கோர்ஸுக்கு டி.ஏ.ஏ.டி.ங்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்போட உதவித்தொகை இருக்கான்னு பாருங்க. கொஞ்சம் ஜெர்மன் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும், விண்ணப்பம் முந்தின வருஷக் கடைசியிலயே முடிஞ்சிடும். அதையும் பொண்ணை எழுதிப் போடச் சொல்லுங்க. விசா ஆறு மாசம் முன்னாடியே போடலாம், கடைசி மாசம் வரைக்கும் வெச்சுக்காதீங்க. 30,000 யூரோ மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாம பேப்பரையே வாங்க மாட்டாங்க.

எக்மோர் வாத்தியார்

பி1 முடித்து, அடுத்த ஜூனில், வீட்டில் தங்கி என்றால் என் எதிர்ப்பு பாதியாகிறது. மீதி எதிர்ப்பு விலைக்கு. அதை விடமாட்டேன்.

சேலத்து அப்பா

எல்லாருக்கும் நன்றிங்க. முழுசையும் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். டீ பேக் கதைக்குச் சிரிச்சா. பி1 விஷயத்துக்கு மூஞ்சி தூக்கி வெச்சுக்கிட்டா, அப்புறம் நவம்பர்ல பரீட்சை எழுதறேன்னு அவளே சொன்னா. பாஸானா அடுத்த ஜூன். கார் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

ஒரே ஒரு சந்தேகம். பொண்ணு சைவம். ஹோஸ்ட் வீட்டுல சமையலறையைத் தொட விடுவாங்களா?

ஸ்டுட்கார்ட் சாம்பார்

பெரும்பாலும் விடுவாங்க சார், பதிவு பண்றப்பவே எழுதிக் கேட்டுக்குங்க. ஆனா ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை திறக்காது. தயிரை சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க.