பாப்பாவுக்கு 18 ஆகும்போது இந்த ஸ்விஃப்ட் தாங்குமா?

பொள்ளாச்சிக்காரி:

எங்களிடம் இருப்பது 2019 மாருதி ஸ்விஃப்ட் கார், பெட்ரோல், மேனுவல் கியர். புதுசாக எடுத்தது. பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். கொப்பரை வியாபாரம் என்பதால் ஆனைமலை, கோட்டூர், உடுமலை என்று வாரம் முழுக்கச் சுற்றல்தான். தோப்புக்குள் போகும் மண் தடத்தில் அடி தட்டும், மற்றபடி வண்டியைக் குறை சொல்ல முடியாது.

மகளுக்கு 11 வயது. தோப்பில் இன்ஜினை அணைத்துவிட்டு நான் கிளட்ச் மிதித்தால், பக்கத்தில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்ப்பாள். "இந்த வண்டி எனக்குத்தான், வித்துடாதீங்க" என்று இப்போதே பட்டா போட்டுவிட்டாள். 2033-இல் அவளுக்கு 18 வயது, வண்டிக்கு 14. ஆர்.சி. 2034 வரை இருக்கிறது.

எங்க வீட்டுக்காரர் வேறு கட்சி. ஸ்விஃப்ட்டை விலை இருக்கும்போதே தள்ளிவிட்டு டியாகோ மின்சார வண்டி எடுக்கலாம், பிற்பாடு அதுவே பாப்பாவுக்கு ஆகும் என்கிறார். என் தம்பி டாடா பஞ்ச் என்கிறான். மாமியார் "பொட்டப்புள்ளைக்குக் கார் எதுக்கு, நகை சேர்த்து வை" என்கிறார். அதை இங்கே விவாதத்துக்கு எடுக்க வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். ஏழெட்டு வருஷம் வீட்டில் உழைத்துவிட்டு, அப்புறம் புதுசாக ஓட்டப் பழகும் பிள்ளை கையில் தைரியமாகக் கொடுக்கிற மாதிரி இன்றைக்கு வரும் வண்டிகளில் எது இருக்கிறது? இல்லை, இந்த ஸ்விஃப்ட்டே போதுமா? ஷோரூமில் சொல்வதை எல்லாம் கேட்டாயிற்று. வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்க.

பட்டறை மாமா, சிங்காநல்லூர்:

உங்க ஸ்விஃப்ட்டின் இன்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டைமிங் செயின். பெல்ட் மாதிரி கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றும் வேலை இல்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் பாப்பா கல்யாணத்துக்கும் அதிலேயே போகலாம். 2024-இல் வந்த புது ஸ்விஃப்ட்டில் இன்ஜின் மூணு சிலிண்டர் ஆகிவிட்டது. மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் பழையதின் மேல் எனக்கு ஒரு பிரியம்.

பழைய வண்டியில் முதலில் போவது இரும்பு இல்லைங்க, ரப்பர். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் லோயர் ஆர்ம் புஷ்ஷை, அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை சேரும் இடத்து ரப்பரைப் பாருங்க. நல்ல புஷ் மொழுமொழுவென்று இருக்கும். வயசானது குறுக்கே வெடித்து, வெடிப்புக்குள் மண் அடைந்திருக்கும். உங்க தோப்புத் தடத்துக்கு அது சீக்கிரமே வரும். அப்புறம் கூலன்ட் ஹோஸ். இன்ஜின் ஆறியபின் இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்க. அமுங்கித் திரும்பினால் நல்லது. மொறுமொறு என்று உள்ளே நொறுங்குகிற சத்தம் கேட்டால் அன்றைக்கே மாற்றுங்க. இன்ஜின் மவுண்டிங், கதவு பீடிங், பிரேக் ஹோஸ் எல்லாம் இதே சாதிதான். எல்லாம் மாற்றக்கூடிய சாமான், ஸ்பேர் கிடைக்கிற வரைக்கும்.

அந்த ஸ்பேர்தான் விஷயமே. மாருதி 800 நின்றது 2014 ஜனவரியில். இன்றைக்கும் அதற்கு வேண்டிய சாமான் சின்ன ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது, ஏனென்றால் லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. செவ்ரோலே 2017-ஓடு இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் கிளம்புவதாகச் சொல்லி, 2022-இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை முடித்துவிட்டது. ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் தங்கமான வண்டி. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு ஹெட்லைட் உடைந்தால் வண்டிக்காரர் சென்னையில் பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டை வரைக்கும் போன் போடுகிறார். 2033-இல் எந்தக் கம்பெனி இங்கே இருக்கும் என்று எனக்கு ஜோசியம் தெரியாது. ரோட்டில் அதிகமாக ஓடுகிற வண்டியாகப் பார்த்து எடுத்தால், கம்பெனியே போனாலும் கடைக்காரர் சாமான் வைத்திருப்பார்.

புதுசு எடுப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்க. ஏசியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் இருக்க வேண்டும். இப்போது பல வண்டியில் எல்லாவற்றையும் டச் ஸ்கிரீனுக்குள் போட்டுவிட்டார்கள். அந்த ஸ்கிரீன் போனால் பாட்டும் போச்சு, ஏசியும் போச்சு, ரிவர்ஸ் கேமராவும் போச்சு. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே மாடல் ஸ்கிரீன் எங்கே தேடுவது? இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் அப்படித்தான்: ஆயிலைத் தள்ளிப்போடாத ஆளுக்கு மட்டும். கல்லூரிப் பிள்ளைகள் ஆயில் பார்ப்பார்களா என்பதை நீங்களே யோசியுங்க.

இன்னொன்று. பாப்பாவுக்காக என்று மூடி நிறுத்தி மட்டும் வைக்காதீங்க. நின்ற வண்டிக்குள் எலி குடியேறிவிடும். ஒயரிங்கைக் கடித்து வைத்தால் எந்தக் கம்பி எங்கே அறுந்தது என்று தேடுவதற்கே ஒரு நாள் கூலி.

சர்வேயர், மதுரை:

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து வண்டிகளை மதிப்பிடுவது என் தொழில். மாமா சொன்னதில் ஒரு வரி தப்பில்லை. ஆனால் அவர் பார்ப்பது ஓடுகிற வண்டியை, நான் பார்ப்பது ஓடி முடிந்ததை.

இந்த ஸ்விஃப்ட் தலைமுறையை, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2018-இல் மோதிப் பார்த்தபோது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். 2022-இல் விதியைக் கடுமையாக்கிப் பார்த்தபோது ஒன்று. இரண்டு முறையும் கூடு, அதாவது ஆள் உட்காரும் பகுதியைச் சுற்றிய இரும்புச் சட்டம், உறுதியில்லாதது என்றே குறித்தார்கள். மணிக்கு 64 கிலோமீட்டரில், முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும் மோதுகிற சோதனை அது. ரோட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், கண்ணாடிக்குப் பக்கத்தில் மேலேறும் தூணைப் பாருங்கள் என்பேன். உறுதியான கூட்டில் பானெட் சப்பளிந்து மடங்கியிருக்கும், தூண் நேராக நிற்கும், கதவு கையால் திறக்கும். மற்றதில் தூண் முழங்கை மாதிரி மடிந்து, கால் வைக்கும் இடம் உள்ளே ஏறியிருக்கும், கதவைக் கட்டர் வைத்துத்தான் எடுக்க முடியும். ஏர்பேக் இரண்டுமே விரிந்திருந்தும் காலைக் காப்பாற்ற முடியாத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஓட்டும்வரை உங்கள் அனுபவம் பாதி வேலையைச் செய்கிறது. 18 வயதில் அது இருக்காது. அதனால்தான் வீட்டிலேயே பழைய வண்டியைப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டு நல்ல வண்டியை அப்பா வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அது தலைகீழாக இருக்க வேண்டும்.

இன்றைய வண்டிகளில் நல்லது இருக்கிறது. டாடா நெக்ஸான் 2018-லேயே ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். அல்ட்ராஸ் 2020, பஞ்ச் 2021. மாருதியும் 2024 டிசையரில் ஐந்தைத் தொட்டுவிட்டது. புது ஸ்விஃப்ட்டில் ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்கினால் தானே பிடித்து நேராக்கும் ஈ.எஸ்.சி.யும் எல்லா மாடலிலும் வருகிறது. வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, மழையில் அங்கே போகிறவருக்கு ஈ.எஸ்.சி.யின் அருமை தெரியும். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே சோதனை நடக்கிறது. வாங்கும் நாளில் அந்த மாடலின் முடிவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கும் ஒன்று உண்டு. ஐந்து வருஷம் முடியும்போதே ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு, பாதியாகிவிடும், அதற்கு மேல் பேசி முடிவு செய்வதுதான். 14 வருஷ வண்டியில் இரண்டு ஏர்பேக் விரிந்தால், அதை மாற்றும் செலவே வண்டியின் மதிப்பைத் தாண்டலாம். சின்ன மோதலுக்கே டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து பயனில்லாத வண்டி, என்று எழுத வேண்டி வரும்.

அப்புறம், இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 18-க்கு முன் ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் வரலாம், ஆர்.சி. 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயதுவரை லைசன்ஸ் கிடையாது.

வேளச்சேரி நந்தினி:

எனக்கு அப்பா கொடுத்தது அவருடைய பழைய ஐ10. நான் ஐந்தடிக்கும் குறைவு. அதில் சீட்டை முழுக்க முன்னால் இழுத்தால்தான் கிளட்ச் அடிவரை போகும். அப்படி இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சில் முட்டும். கடைசியில் முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டினேன். 11 வயதுப் பிள்ளை எவ்வளவு வளரும் என்று இப்போதே தெரியாதே அக்கா. சீட்டு மேலே ஏறி இறங்குகிறதா, ஸ்டியரிங் சாய்கிறதா என்று பாருங்க, ஸ்டார் எல்லாம் அப்புறம்.

ஆனால் பழைய வண்டியில் ஒரு சுகம் உண்டு. அதில் ஏற்கெனவே அப்பா போட்ட கோடு இருந்தது, அதனால் நான் போட்ட கோட்டுக்கு யாரும் திட்டவில்லை. அதற்கப்புறம்தான் பயமில்லாமல் பார்க்கிங் பழகினேன். புது வண்டியாக இருந்திருந்தால் பழகியிருக்கவே மாட்டேன்.

அவள் சென்னையில் படிக்க வந்தால் கார் வேண்டவே வேண்டாம். ஹாஸ்டலில் நிறுத்த இடம் இருக்காது.

மின்சாரப் பைத்தியம், திருச்சி:

டியாகோ மின்சார வண்டிதான் ஓட்டுகிறேன், ஊருக்குள் அதை அடிக்க ஆளில்லை. இருந்தும் உங்கள் வீட்டுக்காரர் கட்சியில் சேர மாட்டேன். பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். இப்போது எடுத்தால் பாப்பா கையில் சாவி வரும்போது வாரண்டி முடியும் தறுவாயில் இருக்கும். பேட்டரி அன்றைக்கே செத்துவிடாது. ஆனால் விற்கப் போனால் விலை கேட்பவன் அதைத்தான் முதலில் பிடிப்பான். உங்களுக்காக என்றால் இன்றைக்கே எடுங்கள். அவளுக்காக என்றால் 2033-இல் எடுங்கள், அதற்குள் இந்தச் சமாச்சாரமே எவ்வளவோ மாறியிருக்கும்.

பொள்ளாச்சிக்காரி:

எல்லோருக்கும் நன்றிங்க. சர்வேயர் சார் எழுதியதை எங்க வீட்டுக்காரரிடம் காட்டினேன். தூண் மடிவதைப் படித்துவிட்டு எழுந்து போய் வண்டியின் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தட்டினால் என்ன தெரியும் என்று கேட்டதற்குப் பதிலில்லை.

இப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். ஸ்விஃப்ட்டை விற்பதாக இல்லை, புதுசும் இப்போது எடுப்பதாக இல்லை. பாப்பா ஓட்டப் பழகுவதும் கோடு போடுவதும் இதிலேயே ஆகட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தனியாக ரோட்டுக்குப் போக ஆரம்பிக்கும்போது நல்ல கூடுள்ள வண்டி ஒன்று வேண்டும். அதற்குத் தபால் ஆபீஸில் மாசாமாசம் ஆர்.டி. போடப்போகிறேன். மாமியார் கேட்டால் நகைக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். எந்த வண்டி என்பதை அன்றைக்கு நந்தினி சொன்ன மாதிரி அவளை உட்கார வைத்துப் பார்த்தே எடுப்போம். என் மனசு இப்போதைக்கு டிசையர் பக்கம் இருக்கிறது, மாமா சொன்ன ஸ்பேரும் சார் சொன்ன கூடும் ஒன்றாக அமைவதால். பஞ்ச் என்ற தம்பிக்கு வருத்தம்தான்.

மாமா, ஒரு சந்தேகம். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். என் வண்டி 2019, பழைய புகை விதியான பி.எஸ். 4. அதுவரை தாங்குமா? 2034-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் பெரிய அலைச்சலா?

பட்டறை மாமா, சிங்காநல்லூர்:

2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில்தான் அந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் போட்டு வருகிறது. உங்களுடையதில் பெட்ரோல் ஹோஸ், கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இரண்டையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்க. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் அடித்தால் சர்வீஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்கு மருந்து கிடையாது.

ஆர்.சி. பெரிய அலைச்சல் இல்லை. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். பாஸ் ஆனால் இன்னும் 5 வருஷம். காருக்குக் கட்டணம் 2022-இலிருந்து 5,000 ரூபாய், பசுமை வரி தனி. டில்லியில் கொண்டுவந்தது போல 15 வருஷம் ஆனால் ஓரங்கட்டும் விதி நம்ம பக்கம் இல்லை.

டயரை மட்டும் கிலோமீட்டர் வைத்துக் கணக்குப் பண்ணாதீங்க. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. உங்களுடையது இன்னும் வண்டியோடு வந்த டயர்தான் என்றால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் இந்த மழைக்கு முன்னாடியே மாற்றிவிடுங்க. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க, அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.