அண்ணாவை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்துக் குடியை நிறுத்த வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, நாங்கள் களுவாஞ்சிகுடி. அண்ணா 15 வருடமாகச் சாராயம் குடிக்கிறார். போன மாதம் தானாகவே நிறுத்தினார். இரண்டாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. இரவு முழுக்கச் சுவரில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வலிப்பு. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2, 3 நாள் உயிருக்கே ஆபத்தாம். வாட்டில் வைத்து டயசிபாம் (நடுக்கம், வலிப்பைத் தடுக்கும் மருந்து), தயமின் (விற்றமின் B1) கொடுத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி தொடங்கிவிட்டார்.

நேற்று அவரே, "என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்து விடு" என்றார். இந்த மனம் மாறுவதற்குள் சேர்க்க வேண்டும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதற்காக ஆளைச் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? நேரே போகலாமா, டொக்டரின் கடிதம் வேண்டுமா? இரவில் துணைக்கு நிற்க விடுவார்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றே எழுதுங்கள்.