மாலியில் தங்கமா, ஃபெயித்தா: முதலில் எதைப் பெருக்குவது?

கேள்வி: மணல்மேடு
சிவிலைசேஷன் 6 விளையாட்டில், 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்தோடு, மன்சா மூசாவின் மாலியை ஆடிக்கொண்டிருக்கிறேன். பாலைவன ஓரத்திலேயே நகரங்களை அமைத்ததால் ஃபெயித் (பொருள்களை வாங்க உதவும் சமயப் புள்ளிகள்) நன்றாகச் சேர்கிறது. ஆனால் மதம் எதையும் நிறுவாததால் 600 புள்ளிகள் பயன்படாமல் கிடக்கின்றன. தங்கமோ கைக்கு வந்தவுடன் செலவாகிவிடுகிறது. ஹோலி சைட் (ஃபெயித் தரும் புனித மாவட்டம்) கட்டுவதை விட்டுவிட்டு, சுகுபாவை (மாலிக்கே உரிய வணிக மாவட்டம்) மட்டும் கட்டுவது சரியாக இருக்குமா?

பதில்: பழைய வரைபடம்
வேண்டாம். ஓர் உற்பத்திப் புள்ளிக்குத் தங்கத்தில் 4 செலவாகும் இடத்தில் ஃபெயித்தில் 2 போதும். அதாவது 80 உற்பத்தி மதிப்புள்ள முதல் செட்லருக்கு (புதிய நகரம் அமைக்கும் குடியேறி) தங்கத்தில் 320, ஃபெயித்தில் 160. ஃபெயித்தைக் கொண்டு எதை வாங்கலாம் என்பதற்குத்தான் தனி அனுமதி தேவைப்படுகிறது. மதம் இல்லாத உங்களுக்கு அந்த அனுமதியை மிக எளிதாகத் தரக்கூடியது பொற்காலத்தில் தேர்ந்தெடுக்கும் 'மான்யுமென்டாலிட்டி' என்ற சலுகை. செட்லர், பில்டர் (நிலத்தை மேம்படுத்தும் தொழிலாளி) இரண்டின் விலையும் அப்போது 30% குறையும். ஆகவே காட்டுமிராண்டி முகாம்களை அழித்தும் இயற்கை அதிசயங்களைத் தேடிக் கண்டும் பொற்காலம் பெறத் தேவையான யுகப் புள்ளிகளைச் சேர்த்து, அந்த 600 புள்ளிகளோடு அடுத்த யுகத்துக்குள் நுழையுங்கள். என் அனுபவத்தில், மாலி வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த ஒரு யுகத்தில்தான்.

பதில்: நைஜர் கரை
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தங்கத்தின் வேலையை ஃபெயித்தால் செய்ய முடியாது. படைகளின் பராமரிப்பு, தரம் உயர்த்துதல், நிலம் வாங்குதல், பிற தலைவர்களோடு பேரம் பேசுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் தங்கம்தான் வேண்டும். கருவூலம் வற்றினால் படைகள் கலைந்துபோகும். அப்போது ஃபெயித் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. அதோடு, கட்டடங்களையும் படைகளையும் உருவாக்கும் உற்பத்தியில் மாலிக்கு 30% குறைவு என்பதால், வாங்கித்தான் வளர வேண்டும்.

இருந்தாலும் ஹோலி சைட்டைக் கைவிடாதீர்கள். அதை ஒட்டிக் கட்டும் சுகுபாவுக்கு 2 தங்கம் கூடுதலாகக் கிடைக்கிறது; சுகுபா உள்ள நகரத்தில் தங்கம், ஃபெயித் ஆகிய இரண்டு வகைக் கொள்முதலுக்கும் 20% தள்ளுபடி உண்டு; வணிக மாவட்டக் கட்டடங்களையே மாலி ஃபெயித்தால் வாங்கலாம். சந்தையையும் வங்கியையும் அப்படி வாங்கிவிட்டால், இன்று தேங்கிக் கிடக்கும் ஃபெயித் நாளைய தங்க வருமானமாகிவிடும். 1324இல் மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்ற வழியில் கெய்ரோவில் தங்கத்தின் விலையே சரியும் அளவுக்கு வாரி வழங்கிய அரசரான மன்சா மூசாவுக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருத்தமானது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

பதில்: மணல்மேடு
இருவருக்கும் மிக்க நன்றி. வணிகக் கட்டடங்களை ஃபெயித்தால் வாங்கலாம் என்பதை நான் கவனிக்கவே இல்லை. பிற்பாடு கிராண்ட் மாஸ்டர்ஸ் சேப்பல் என்ற கட்டடத்தைக் கட்டினால் தரைப்படைகளையும் ஃபெயித்தால் வாங்க முடியும் என்று அறிகிறேன். மதமே இல்லாத நிலையில் அது பயன் தருமா?

பதில்: பழைய வரைபடம்
நிச்சயமாகப் பயன் தரும். அதற்கு மதம் தேவையில்லை. ஆனால் அப்படி வாங்கிய படைக்கும் பராமரிப்புச் செலவு தங்கத்தில்தான் என்பதால், எத்தனை படைகளைத் தாங்க முடியும் என்று வருமானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.