குண்டு தண்ணீரில் முங்கினால் தராசு ஏன் கூடுகிறது? கூடுவதும் குறைவாக இருக்கிறதே

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு) செய்து காட்ட வேண்டும். 5 கிலோ டிஜிட்டல் தராசில் தண்ணீர் பீக்கரை வைத்து, அந்த எடையைப் பூச்சியமாக்கும் டேர் பொத்தானை அழுத்தினேன். 25 மி.மீ. எஃகு குண்டை (64 கிராம்) நூலில் கட்டி, 10 நியூட்டன் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு, மெள்ள முங்க வைத்தேன். அடியைத் தொடவில்லை. டிஜிட்டல் தராசு 4 கிராம் காட்டுகிறது. சுருள்வில் தராசின் முள் அசையவே இல்லை. விசையும் எதிர்விசையும் சமம் என்றால் கழிந்துபோக வேண்டாமா, தராசு ஏன் கூடுகிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பதில் 1:
கழிந்துபோகாது. தண்ணீர் குண்டை மேலே தள்ளுகிறது. குண்டு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. ஒரே பொருளின் மேல் செயல்படும் விசைகளைத்தான் கூட்டிக் கழிக்கலாம். டிஜிட்டல் தராசு தாங்குவது பீக்கரையும் தண்ணீரையும், ஆகவே கீழ்நோக்கிய தள்ளல் அதில் தெரிகிறது. குண்டின் எடைக்கு எதிர்விசை நூலின் இழுவிசை என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். எடை என்பது பூமி குண்டை இழுப்பது. அதன் ஜோடி, குண்டு பூமியை இழுப்பது.

குண்டின் பருமன் 8.2 க.செ.மீ. தள்ளும் விசை அதே பருமனுள்ள தண்ணீரின் எடைக்குச் சமம். ஆகவே டிஜிட்டல் தராசில் கூட வேண்டியது 8.2 கிராம், அதாவது 0.08 நியூட்டன். சுருள்வில் தராசில் ஒரு சிறு கோடே 0.2 நியூட்டன் இருக்கும். முள் எப்படி அசையும்?

பதில் 2:
4 கிராமுக்குக் காரணம் பெரும்பாலும் டேர். பூச்சியத்தை ஒட்டி மெதுவாக ஏறும் மாற்றத்தைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, தானே மறுபடி பூச்சியமாக்கும் ஏற்பாடு பல தராசுகளில் உண்டு. டேர் போட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள்; 0 அப்படியே நின்றால் அதுதான். டேர் போடாமல் மொத்த எடையைக் குறித்துக் கழியுங்கள்.

சுருள்வில்லிலும் மாற்றம் தெரியப் பருமன் பெரிதாக வேண்டும். குண்டுக்குப் பதிலாக, 200 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலில் உலர்ந்த மணல் நிரப்பி மூடியை இறுக்குங்கள். 2 லிட்டர் பாத்திரத்தில் 1.5 லிட்டர் தண்ணீர் போதும். விளிம்புவரை நிரப்பி, நீர் தராசுக்கு வெளியே வழிந்தால் ரீடிங் மாறாது. கீழே தள்ளும் விசை எவ்வளவோ அவ்வளவு எடையுள்ள நீர் வெளியேறிவிடும். பாட்டில் அடியில் உட்கார்ந்தால் ரீடிங் எகிறும்.

கேட்டவர்:
செய்தாயிற்று. சுருள்வில் 3.4-லிருந்து 1.2 நியூட்டனுக்கு இறங்கியது. டிஜிட்டலில் 224 கிராம் கூடியது.

பதில் 1:
224 கிராம் என்றால் 2.2 நியூட்டன். சுருள்வில்லில் குறைந்ததும் அதேதான், அருமை! அதே தண்ணீரில் இனி கரையாது என்னும்வரை உப்புப் போடுங்கள், அரைக் கிலோவுக்கு மேல் பிடிக்கும். அடர்த்தி ஏறத்தாழ 1.2 ஆகும். முங்கியதும் சுருள்வில் 0.8-ஐ ஒட்டி நிற்கும், டிஜிட்டல் தராசு 270 கிராம் அளவுக்குக் கூடும். முள்ளைப் பார்க்கும் முன் இரண்டையும் பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.