சிட்னியில் மீன்பிடிக்க ஃபிஷ் ப்ரோ ஜெட் ஸ்கீ: பழையது வாங்கலாமா? எந்த ஆக்சசரி உண்மையில் தேவை?

மேட்டூரான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெண்டில் ஹில்லில் இருக்கிறேன். ஊரில் அணைத்தண்ணீரில் தூண்டில் போட்டுப் பழகியவன். இங்கே வந்ததிலிருந்து பாறை மேலும் படகுத்துறையிலும் நின்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கிங்ஃபிஷ் துரத்த வேண்டும் என்றால் தண்ணீருக்குள் போயாக வேண்டும் என்று புரிந்துவிட்டது. படகு நிறுத்த யூனிட்டில் (அடுக்குமாடி வீட்டில்) இடம் இல்லை. ஒரு ஜெட் ஸ்கீ ட்ரெய்லர் மட்டும் கராஜில் தாராளமாக அடங்கும்.

மீன்பிடிக்கவென்றே செய்த சீ-டூ ஃபிஷ் ப்ரோ 170, 2021 மாடல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கூலர், மீனையும் வழியையும் காட்டும் கார்மின் திரை எல்லாம் அதோடேயே வருகிறது என்கிறார் விற்பவர். பேசாமல் சீ-டூவின் சாதாரண மாடலான ஜிடிஐ ஒன்றை மலிவாக வாங்கி, ஆக்சசரிகளை நானே மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனமா? ஃபிஷ் ப்ரோவிலேயே விலை கூடிய டிராஃபி மாடலில் இருக்கை சுழலுமாம், அதற்காகக் கூடுதல் பணம் போடலாமா? பாராமட்டா ஆற்றிலேயே இறக்கி ஹார்பர் வரை போகலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், வீட்டிலிருந்து பக்கம். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிளாக்டவுன் செந்தில் எழுதியது:

அந்தக் காசுக்கு நல்ல அலுமினியம் டின்னி (சின்னப் படகு) கிடைக்கும் நண்பா. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம், நிழலுக்குக் கூரை போடலாம், பசித்தால் உட்கார்ந்து சாப்பிடலாம். ஜெட் ஸ்கீயில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். நிறுத்த இடம்தான் சிக்கல் என்றால் மாத வாடகைக்கு ஷெட் பாருங்கள்.

தருவைக்குளத்தான் எழுதியது:

செந்தில் சொல்வது குடும்பத்தோடு போகிறவருக்குச் சரி. ஆனால் தம்பி கேட்பது தனியாகவோ ஒரு கூட்டாளியோடோ போய் கிங்ஃபிஷ் பிடிப்பதற்கு. அதற்கு ஸ்கீ மாதிரி வசதி வேறு எதிலும் கிடையாது. விடியும்போது இறக்கி, பத்து மணிக்குள் மீனோடு கரையேறி, பதினொன்றுக்கு வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம். நான் வைத்திருப்பதும் ஃபிஷ் ப்ரோதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாராமட்டா கணக்கை அழித்துவிடுங்கள். சிட்னி ஹார்பர், பாராமட்டா ஆறு, லேன் கோவ் ஆறு மூன்றிலும் ஜெட் ஸ்கீ ஓட்டவே தடை. மீன்பிடிக்கத்தான் போகிறேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு வழி: ஒன்று பாட்டனி பே, இன்னொன்று எம்2 பிடித்து மோனா வேல் ரோடு வழியாக பேவியூ ரோலண்ட் ரிசர்வில் இறக்கி பிட்வாட்டர் போவது. கிங்ஃபிஷ் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிட்வாட்டர் வாயிலேயே பேரன்ஜோயி முனை, தாண்டினால் லயன் தீவு, புரோக்கன் பே. கரையோரக் கணவாயையோ யக்கா என்னும் சின்ன இரைமீனையோ உயிரோடு பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போக அருமையான இடம்.

அந்த மெதுவாக இழுப்பதில்தான் ஃபிஷ் ப்ரோவின் மதிப்பே இருக்கிறது. 2019இல் கனடாவின் பிஆர்பி கம்பெனி இதை இறக்கியபோது 155 குதிரைத்திறன் எஞ்சின், பிறகு 1630 ஏஸ் 170 வந்தது. இரண்டிலும் சூப்பர்சார்ஜர் கிடையாது, அந்தச் செலவும் கிடையாது. ட்ரோலிங் மோடு போட்டுவிட்டால் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், நடக்கிற வேகத்தில் தானாகப் போகும். பெட்ரோல் டேங்க் 70 லிட்டர். பின்தளம் ஏறத்தாழ 29 செ.மீ. நீட்டப்பட்டிருக்கிறது, அங்கேதான் 51 லிட்டர் கூலரும் தூண்டில் தாங்கிகளும். இரண்டு பக்கமும் கால் வைக்கச் சரிவாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து இரண்டு காலையும் அதில் ஊன்றினால், மீன் இழுக்கும்போது ஆட்டம் குறையும். இந்த ஆட்டம் குறைந்த அடிப்பாகம்தான் முக்கியம். ஜிடிஐ வாங்கினால் கூலர் மாட்டலாம், திரை மாட்டலாம், அடிப்பாகத்தை மாற்ற முடியாது. நின்ற தண்ணீரில் அலை பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆகவே 2021 ஃபிஷ் ப்ரோவையே பாருங்கள்.

பார்க்கப் போகும்போது சீட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே டார்ச் அடியுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தாலோ கவ்விகளில் துரு ஓடியிருந்தாலோ வேறு வண்டி தேடலாம். பின்னால் படுத்து ஜெட் பம்ப்புக்குள் எட்டிப் பாருங்கள். தண்ணீரைத் தள்ளும் இறக்கையின் ஓரத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் வேர் ரிங்குக்கும் (தேய்மான வளையம்) நடுவே இடைவெளி மயிரிழையாக இருக்க வேண்டும். ரிங்கில் பள்ளம் பள்ளமாகக் கீறியிருந்தால் மணலிலும் கல்லிலும் ஸ்டார்ட் செய்தவர் என்று அர்த்தம். ரிங் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் அவர் மற்றதை எப்படிப் பார்த்திருப்பார் என்பதை அது சொல்லிவிடும். டீலரிடம் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் ஓடிய மணியைப் படிக்கச் சொல்லுங்கள். பிபிஎஸ்ஆர் (அரசின் அடமானப் பதிவேடு) தேடலுக்கு 2 டாலர்தான், வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, ஆக்சசரிக்கு வருவோம். கடையில் காட்டும் வரிசையில் வாங்காதீர்கள். முதல் பணம் உங்கள் உடம்பு திரும்பி வருவதற்கு. நல்ல லைஃப் ஜாக்கெட், லெவல் 50எஸ் அல்லது அதற்கு மேல். ஸ்கீயில் எல்லா நேரமும் போட்டிருப்பது சட்டம். மீன்பிடிக்கிறவர்களுக்கென்று முன்பக்கம் பைகள் வைத்து வருகிறது, அதை வாங்குங்கள். அந்தப் பையில் பிஎல்பி (ஆபத்தில் இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவி), கையடக்க விஎச்எஃப் கடல் ரேடியோ, ஒரு கத்தி. இவை மூன்றும் ஸ்கீயின் பெட்டிக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை. நீங்கள் விழுந்து ஸ்கீ காற்றில் நகர்ந்துவிட்டால், உடம்பில் இருப்பது மட்டும்தான் உங்களுடையது. விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கில் கார்டு எப்போதும் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கட்டும், எஞ்சின் அணைத்து மீன்பிடிக்கும்போதும்கூட. மரைன் ரெஸ்க்யூ ஆப்பில் புறப்படும்போது பதிவு செய்து, கரையேறியதும் முடித்துவிடுங்கள். இலவசம்தான், சொன்ன நேரத்துக்குள் நீங்கள் வராவிட்டால் தேட ஆரம்பிப்பார்கள். எங்கள் ஊரில் அப்பா வள்ளத்தில் போகும்போது எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) இருப்பார் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடக்கூடாது என்று நினைக்கிறவன் நான்.

இரண்டாவது பணம் மீனைக் கெடாமல் கொண்டுவர. 51 லிட்டர் கூலர் ஃப்ளாட்ஹெட்டுக்கும் ஸ்நாப்பருக்கும் போதும். ஆனால் கிங்ஃபிஷ் 65 செ.மீ. இருந்தால்தான் எடுக்கவே அனுமதி. நல்ல மீன் மாட்டினால் அந்தப் பெட்டியில் நேராகப் படுக்காது, வளைத்துத் திணிக்க வேண்டிவரும். அதனால் நீளமான இன்சுலேட்டட் மீன்பை ஒன்று வாங்கி, கூலரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கட்டிவிடுகிறேன். கூலரைப் பிடித்திருக்கும் லிங்க் கொக்கிகள் திருகினால் கழன்றுவிடும், ஒரு நிமிட வேலை. பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தத்தை வடித்துவிட்டு, ஐஸில் கடல்தண்ணீர் ஊற்றிய கலவைக்குள் போடுங்கள். வெறும் ஐஸ் மேல் போட்ட மீனுக்கும் இதற்கும் சதையிலேயே வித்தியாசம் தெரியும். நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கில் கருவிக்குச் செலவழித்துவிட்டு, மீனை வெயிலில் தொங்கவிட்டுக் கொண்டுவருகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

அப்புறம்தான் மற்றதெல்லாம். கார்மின் திரை ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும். எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் அதை ஓடவிட்டால் ஸ்கீயின் பேட்டரி இறங்கும். திரைக்குத் தனியாக ஒரு சின்ன லித்தியம் பேட்டரி வைத்துவிட்டால் நிம்மதி. மிதந்தே பிடிக்கிறவர் என்றால் ட்ரோக் எனப்படும் கடல் பாராசூட் ஒன்று. இருபது முப்பது டாலர் சாமான், காற்றில் ஸ்கீ ஓடுவதை நன்றாகக் குறைத்துவிடும். நங்கூரம் போட்டால் எப்போதும் மூக்குப்பக்கம் கட்டுங்கள். பின்பக்கம் கட்டி அலை ஏறினால் தளம் அமுங்கித் தண்ணீர் மேலே வந்துவிடும். ரெயில்பிளேசா கம்பெனியின் தூண்டில் தாங்கிகளை ஆளுக்கு ஆள் வரிசையாக ஒட்டுகிறார்கள். முதலில் இருப்பதை வைத்து ஒரு சீசன் பிடியுங்கள், கை எங்கே போகிறது என்று தெரிந்தபின் ஒட்டலாம்.

காற்றைப் பற்றி ஒன்று. கோடையில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று ஏறும், அது தெரிந்து வருவது. தெற்கிலிருந்து வரும் சதர்லி அப்படியில்லை. சுட்டெரித்துக்கொண்டிருக்கும் நாளில் சில நிமிடங்களில் திரும்பி அடிக்கும். வானிலை ஆப்பில் சதர்லி சேஞ்ச் என்று நேரம் போட்டிருந்தால், அதற்கு வெகு முன்பே ட்ரெய்லரில் ஏற்றியிருக்க வேண்டும். 10 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்துக்கு மேல் காற்று சொன்னால் முனையைத் தாண்ட வேண்டாம், பிட்வாட்டருக்குள்ளேயே ஃப்ளாட்ஹெட் பிடிக்கலாம்.

மேட்டூரான் எழுதியது:

அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. ஹார்பர் தடை எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் இரண்டு சந்தேகம். பாசி சிக்கினால் என்ன செய்வது? டிராஃபியில் அதற்கு ஏதோ ஐடிஎஃப் என்று இருக்கிறதாமே. யூனிட்டில் தண்ணீர்க் குழாய் பொதுவில் ஒன்றுதான், வந்ததும் எஞ்சின் கழுவுவது கட்டாயமா?

கயல் கோஸ்ஃபோர்ட் எழுதியது:

நானும் என் கணவரும் டிராஃபி வைத்திருக்கிறோம், அதனால் இருக்கை பற்றி நான் சொல்கிறேன். சுழலும் இருக்கை எனக்கு நிஜமாகவே உதவுகிறது. எனக்கு உயரம் குறைவு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் கால் எட்டுவதில்லை. இருக்கையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் கூலர், தூண்டில் எல்லாம் கைக்கு நேராக இருக்கிறது. இரண்டு பேர் போனால் இன்னும் வசதி. தனியாகப் போகிற உயரமான ஆளுக்கு அதற்காக அவ்வளவு கூடுதல் பணம் தேவையில்லை.

ஐடிஎஃப் விஷயம்: பொத்தானை அழுத்தினால் இறக்கை பின்புறமாகச் சுற்றிப் பாசியையும் பிளாஸ்டிக் பையையும் துப்பிவிடும். மழை பெய்து ஹாக்ஸ்பரி ஆறு கலங்கி வரும் நாட்களில் குப்பை நிறைய மிதக்கும், அப்போது இதன் அருமை தெரியும். நீங்கள் பார்க்கும் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. மீன்பிடிக்கும் முன், ஆழமான அமைதியான தண்ணீரில் வேண்டுமென்றே குதித்துவிட்டு, ஜாக்கெட்டும் ஈர உடையும் போட்டபடி பின்பக்கமாகத் திரும்ப ஏறிப் பாருங்கள். கூலரும் தூண்டில்களும் மாட்டிய நிலையிலேயே ஏற வேண்டும். தளத்தில் பாதியை கூலர் பிடித்துக்கொள்ளும், கை பிடிக்க இடம் தேட வேண்டியிருக்கும். மடக்குப் படி இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள். திமிங்கிலம் போகும் குளிர்காலத்தில் இன்னொரு விஷயம்: படகுகள் 100 மீட்டர் வரை போகலாம், ஜெட் ஸ்கீக்கு 300 மீட்டர். டால்பினுக்கும் அதே 300தான்.

தருவைக்குளத்தான் எழுதியது:

கயல் சொன்ன ஏறும் பயிற்சியை நானும் வழிமொழிகிறேன், படியும் அப்படியே.

ஐடிஎஃப் இல்லாத வண்டியில் பாசி சிக்கினால் உடனே தெரியும், எஞ்சின் சுற்றும் சத்தம் ஏறும், ஸ்கீ நகராது. கில் கார்டைக் கழற்றிவிட்டு, பின்னால் படுத்துக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். அடியிலிருக்கும் கம்பித் தட்டில் சிக்கியிருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டிவரும். பாசிப் பத்தையைக் கண்டால் சுற்றிப் போங்கள், அதற்கு மேல் வழி இல்லை.

கழுவுவது கட்டாயம், ஒரு தடவைகூட விடக்கூடாது. எஞ்சினுக்குள் ஓடுவது தனி கூலன்ட்தான், ஆனால் எக்சாஸ்ட் பக்கம் கடல்தண்ணீர் ஓடுகிறது. வரிசை மாறக்கூடாது. ஹோஸை மாட்டி, முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே தண்ணீரைத் திறங்கள். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, இரண்டு மூன்று தடவை விசை கொடுத்து மிச்சத் தண்ணீரைத் துப்பவிட்டு, பிறகு எஞ்சினை அணையுங்கள். எஞ்சின் நிற்கும்போது தண்ணீர் திறந்திருந்தால் எக்சாஸ்ட் வழியாக எஞ்சினுக்குள் ஏறிவிடும், அது லட்சக்கணக்கான ரூபாய் வேலை. மொத்தமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, கரையில் இருக்கும்போது ஷாஃப்ட்டில் இருக்கும் கார்பன் ரிங் தண்ணீர் இல்லாமல் சூடேறும். இவ்வளவு குறைந்த நேரம்தான் என்பதால் யூனிட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். விடிகாலையில் போய் பகலில் திரும்புவதால் சத்தமும் பிரச்சினை இல்லை.

ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விடும் முன் பத்து நிமிடம் நிறுத்தி, சக்கர மூடியைத் தொட்டுப் பாருங்கள். நெடுந்தூரம் ஓடி வந்த பேரிங் சூடாக இருக்கும்போது குளிர்ந்த உப்புத்தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மோனா வேல் ரோட்டில் பேரிங் உடைந்து ஓரமாக நிற்கிற ட்ரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கூலரைக் கட்டலாம், உள்ளே புகுந்த தண்ணீரை வடிக்கும் ட்ரெய்ன் பிளக் இரண்டையும் இறுக்கலாம்.

லைசென்ஸ் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. சாதாரண படகு லைசென்ஸ் போதாது, ஜெட் ஸ்கீக்கான பிடபிள்யூசி லைசென்ஸ் வேண்டும். மீன்பிடிக் கட்டணம் தனி, வருடத்துக்கு 35 டாலர். சூரியன் உதிக்கும் முன்பும் மறைந்த பின்பும் ஸ்கீ ஓட்டக்கூடாது, இருட்டிலேயே போய் யக்கா பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகமாகப் போகும்போது தண்ணீரில் இருக்கும் ஆளிடமிருந்து 60 மீட்டர், மற்ற படகுகளிடமிருந்து 30 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நங்கூரம் போட்டு மீன்பிடிக்கிறவர் பக்கத்தில் போகும்போது நான் அதைவிடத் தள்ளியே போவேன், வேகத்தையும் குறைத்துவிடுவேன். ஜெட் ஸ்கீ என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இங்கே அதிகம். ஹார்பரை ஏற்கெனவே இழந்துவிட்டோம், பிட்வாட்டரையும் இழக்கக்கூடாது.

வண்டியைப் பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள் தம்பி. சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன், பம்ப்பை நானே படுத்துப் பார்க்கிறேன்.